வேலி இல்லாத உடம்பு

சிவமயம்

சுன்னாகம்,
சித்திரை 1936.

மலாயாவில், செரம்பானில் உத்தியோகம் பார்க்கும் என் தமையனாருக்கு, இளையவன் முத்துக்குமாரு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. எல்லைப் பனையால் வந்த சண்டையில், போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் நீங்கள் ரயில் ஏறிய பிறகு நான் எழுதும் முதற் கடிதம் இது. கடைசிக் கடிதமாகவும் இருக்கலாம்.

என் மகள் ஞானாம்பிகை கொழும்பில் விஞ்ஞானம் படிப்பதைப் பக்கத்து வளவிலிருந்து அண்ணி உங்களுக்கு எழுதியிருப்பா. விடுமுறைக்கு வந்தவள் ஒரு நுணுக்குக்காட்டியையும் நீல மருந்துப் போத்தல் ஒன்றையும் இரவல் வாங்கி வந்தாள். வந்த அன்றே வெங்காயத் தோலை உரித்து வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். உள்ளே அறை அறையாக, ஒவ்வொன்றுக்கும் சுற்றுமதில். நம்மூர் வெங்காயமல்லவா என்று எனக்கு ஒரே பெருமை. "அது கலம் அப்பா. உயிருள்ளதெல்லாம் கலத்தாலைதான் கட்டியிருக்கு" என்றாள். என் கலத்துக்கும் மதில் உண்டோ என்று கேட்டேன். "இல்லை. மரஞ்செடிக்குத்தான் மதில். எங்களுக்கு மெல்லிய சவ்வு மட்டும். வேண்டியது உள்ளை வரும், வேண்டாதது வெளியிலை போகும்." அண்ணை, வருடாவருடம் கிடுகும் கருக்குமட்டையும் வைத்து வேலி அடைக்கிறவன் நான். அண்ணி குனிந்து வந்துபோன வேலிப் பொட்டையும், அந்தச் சின்ன ஓட்டையைக்கூட விடாமல், முள்ளுப் போட்டு அடைத்தவன். என்ரை உடம்புக்குள்ளை ஒரு முழ வேலிகூட இல்லையாம்!

அதோடு விட்டாளா? உடம்பில் பெரும்பகுதி தண்ணீராம். மிச்சம் புரதம், கொழுப்பு, உப்பு, கொஞ்சம் மாச்சத்து. முட்டையின் வெள்ளைக்கருவும் என் தசையும் ஒரே இனப் பொருளாம். பிறந்ததிலிருந்து முட்டை தொடாத என்னிடம் இதைச் சொல்கிறாள். "பெரியப்பாவும் உதுதானோ?" என்றேன். "ஓம், அவரும் உதேதான்" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் அடிக்கடி தண்ணீர் குடிப்பதையும் சலம் கழிக்க எழும்பிப் போவதையும் கண்டு, அந்தச் சலத்தைச் சோதிக்க வேண்டும் என்றாள். அடுப்படிக்குப் பின்னால் கிடந்த ஒரு போத்தலில் கொடுத்தேன். அதன் அடியில் ஏதோ கொஞ்சம் கிடந்தது, தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். நீல மருந்தோடு கலந்து சூடாக்கினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. "சீனி, அப்பா. கனக்கச் சீனி" என்றாள். நம் ஐயா இந்த நீரிழிவில்தானே போனார்? கால்விரலில் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை.

ஆகவே எல்லைப் பனை இனி உங்களுடையது. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்று நான் ஒருவரையும் பாளை சீவி இறக்கவிடாமல் வைத்திருந்த மரம். தண்ணீரும் உப்புமான இந்த உடம்புக்கு மரம் எதற்கு? ஐயாவின் தலைமாட்டில் நாம் இருவரும் நின்றோம். என் தலைமாட்டில் நிற்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். அடுத்த கப்பலிலேயே வாருங்கள்.

நல்லூர்க் கந்தன் என் மிச்ச ஆயுளையும் சேர்த்து உங்களுக்கே தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் இளையவன்
முத்துக்குமாரு

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் என் மனைவி இராசமலர் அந்தப் போத்தலைத் தேடி வந்தாள். "ஐயோ, அதுக்குள்ளை பனையிலை இறக்கின இனிப்புக் கருப்பநீர் கிடந்ததெல்லே! பூரணமக்கா தந்தவ" என்றாள், நம் அண்ணியைத்தான். எந்த மரத்துக் கருப்பநீர்? எல்லைப் பனையினுடையதேதான். நான் விடியக் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துச் சீவுவித்து, உங்கள் மனைவியும் என் மனைவியும் வேலியில் புதுப் பொட்டு வைத்துப் பங்கிட்டு வருகிறார்களாம். கழுவிய போத்தலில் மறுபடி சோதித்தோம். நீலம் நீலமாகவே நின்றது. எனவே எனக்கு நீரிழிவு வருத்தம் ஒன்றுமில்லை, மரம் என்னுடையது, மேலே கொடுத்த ஆயுளையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

உடனே கருக்குமட்டையைத் தூக்கிக்கொண்டு பொட்டை அடைக்கப் போனேன். இரண்டு பக்கமும் மண் காலடி பட்டு வழுவழுவென்று கிடந்தது. அடைக்க மனம் வரவில்லை. சண்டை பிடிக்கவாவது வாருங்கள் அண்ணை.