கரியடுப்பு ஆலோசகர்

கொசுவை ஒழிக்க நம் ஊரில் வீடு வீடாக ஆள் வருகிறது. வாளியில் தண்ணீர் தேங்கினால் அபராதம்கூட உண்டு. கரியடுப்பு ஆலோசகரை ஒழிக்க மட்டும் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. எங்கே கரி பற்ற மறுக்கிறதோ அங்கே இவர் வந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, "காத்து பத்தல லா" என்பார். குனிய மாட்டார். குனிந்தால் சட்டையில் கரி படும். கரி பட்டால் வேலை செய்தவர் ஆகிவிடுவாரே!

வீட்டில் இவர் அடுப்பு மூட்டியிருக்கிறாரா? புதிதாகக் குடிபோன பூன் லே அடுக்குமாடி வீட்டில் கேஸ் அடுப்பு. அதையும் மனைவிதான் பற்றவைக்கிறார்.

நான் பார்த்த ஆலோசகரின் பெயர் ஆம்ப்ரோஸ். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடும் ஆனிக்கு அன்று இருபத்தொரு வயது. இருபத்தொன்று ஆனால், இனி நீ பெரியவள் என்று பெற்றவர்கள் சாவி கொடுப்பது இங்கே வழக்கமாயிற்றே! அவள் அம்மா பிலோமினம்மாள் அட்டையில் முழ நீளச் சாவி வெட்டி, தங்கத்தாள் ஒட்டி, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பொதுவில் கட்டிவிட்டிருக்கும் கரியடுப்புகளில் ஒன்றைப் பதிவு செய்து, முந்தின நாளே மசாலாவில் ஊறவைத்த கோழியோடு வந்திருந்தார். மகளின் ஆபீஸ் தோழிகள் முதல்முறையாகத் தன் கையால் சாப்பிடப் போகிறார்கள் என்று அந்த அம்மாவுக்கு அவ்வளவு ஆசை.

அடுப்பில் முன்பு வந்தவர்கள் விட்டுப்போன சாம்பல் கம்பிவலை வரைக்கும் நிறைந்திருந்தது. பிலோமினம்மாள் அதை அள்ளக் குனிந்தார். விருந்துக்கு வந்திருந்த ஆலோசகர் விடுவாரா?

"அக்கா, அதத் தொடாதீங்க. சாம்பல்தான் ஹீட்டப் புடிச்சு வெக்கும்."

"அடியில காத்தே போகாதே, தம்பி?"

"காத்து மேலேருந்து வரும் லா. நீங்க கரியப் போடுங்க."

போட்டார். புகைந்தது. இன்னும் போடச் சொன்னார், இன்னும் புகைந்தது. ஆம்ப்ரோஸ் கரி விற்றவனைத் திட்டினார், காலையில் பெய்த மழையைத் திட்டினார், கடற்காற்று அதிகம் என்று அதையும் திட்டினார். வந்ததும் வராததுமாகக் காற்று பத்தவில்லை என்று சொன்னவரும் இவரேதான். தோழிகள் காலித் தட்டுகளோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விசிறினால் சரியாகிவிடும் என்றார் கடைசியில். விசிறிக்கு எங்கே போவது? மேசைமேல் கிடந்த சாவியை எடுத்து, இந்தப் பிறவியில் முதல்தடவையாக உடம்பை வளைத்து, வெறிகொண்டு விசிறினார். அடுப்பிலிருந்த சாம்பல் மொத்தமும் கிளம்பிக் கோழிமேலும் கேக்கின்மேலும் தோழிகளின் தலைமேலும் இறங்கியது. சாவியின் முனை பற்றிக்கொண்டது. அன்று உருப்படியாக எரிந்தது அது ஒன்றுதான்.

"ஐயோ, அம்மா செஞ்ச சாவி!" என்று ஆனி அலறினாள்.

"பாத்தீங்களா? நெருப்பு இருக்கு லா!" என்றார் ஆம்ப்ரோஸ்.

பிலோமினம்மாள் கோழியைத் துண்டு துண்டாகக் குழாயடியில் கழுவிப் பார்த்தார். சாம்பல் போவதற்குள் மசாலா போய்விட்டது. அந்த அம்மா வெறும் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஆம்ப்ரோஸுக்குப் பசி வந்தது. தோழிகளைக் கூட்டிக்கொண்டு, இறைச்சியைக் குச்சியில் குத்திக் கரியில் சுட்டு விற்கும் சாத்தே கடைக்கு முதல் ஆளாக நடந்தவர் அவர்தான். போன கையோடு, கடைக்காரரின் அடுப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினாராம்.

இந்த ஆளை எனக்கும் தெரியும் என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கோழி வீணானதைப் படித்தபோது உங்களுக்கு முதலில் வந்தது வருத்தமா, இல்லை, "கம்பிக்கு அடியில் ரெண்டு செங்கல் வைத்திருந்தால் போதுமே" என்ற யோசனையா? யோசனை என்றால் மன்னிக்கவும், எங்கள் வீட்டு விசேஷத்துக்கு உங்களை அழைப்பதாக இல்லை.