கம்பவுண்டருக்கு நகம் வெட்டிய கதை

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக் குப்புறப் படுத்திருந்தார் பல் டாக்டர். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான்.

"கம்பவுண்டர்... என் ராஜா இல்ல? வெளிய வாடா. வலிக்கவே வலிக்காதுடா."

கம்பவுண்டர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

கம்பவுண்டர் என்றால் ஆள் இல்லை, நாய். வீட்டின் முன்னறைதான் டாக்டரின் கிளினிக். குட்டியாக வந்த நாளிலிருந்து அது அங்கேயே கிடந்து வளர்ந்ததால், நோயாளிகள் வைத்த பெயர் அது.

இதுவரை நகம் வெட்டும் தலைவலி டாக்டருக்கு இருந்ததில்லை. மாட்டு டாக்டர் ஒருவர் வருவார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். ஒரு வார்த்தை பேசாமல் கடக் கடக்கென்று வெட்டிவிட்டுப் போவார். அவர் இப்போது வெளியூரில். இங்கேயோ, மகள் கைக்குழந்தையோடு சாயங்காலம் வருகிறாள்.

போன தடவை மகள் வந்தபோது கம்பவுண்டர் பாசம் பொங்கி மேலே தாவியதில் அவள் முழங்கையில் நீளமாக ஒரு கீறல். பாசம் சரி, பச்சைக் குழந்தை தாங்குமா?

"இந்த நகத்தோட அது வீட்ல இருக்கக்கூடாதுங்க," என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் மனைவி. "அவ வர்றதுக்குள்ள வெட்டலைன்னா தம்பிய வேன் கொண்டு வரச் சொல்லிடுவேன். அவனோட மரக்கடையில இது காவலுக்குக் கிடக்கட்டும்."

டாக்டருக்குப் பகீரென்றது. அவர் நின்று வேலை பார்க்கும்போது அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்குகிற ஜீவன் அது. அதைக் கொண்டுபோய் மரக்கடையில் கட்டுவதா? போதாக்குறைக்கு இது மானப் பிரச்சினையும்கூட. வாசல் பலகையில் 'வலியில்லாப் பல் மருத்துவம்' என்று எழுதி வைத்திருக்கிற மனிதருக்கு ஒரு நாய் நகம் வெட்ட வராதா?

ஒட்டடையோடு வெளியே வந்தார். கூடத்தில் மாமியார் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார்.

"என்ன அத்தை, வலது பக்கம் பல்லு தொந்தரவா? வாங்களேன், ஒரு நிமிஷம் பார்த்துடறேன். வலிக்காது."

"எனக்கா? இரும்பு மாதிரி இருக்கு மாப்பிள்ளை," என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். ஒரு வாரமாகவே இப்படித்தான். நல்ல பல் உள்ள மனுஷி, பாவம் எதற்குப் பாலில் ஊறவைக்கிறாரோ என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

முதலில் லஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். கம்பவுண்டர் உடனே வந்து, வாலை ஆட்டிக்கொண்டே மடியில் முன்னங்காலை வைத்தது. நகவெட்டியைக் கண்ணுக்கு நேரே காட்டினார். முகர்ந்து பார்த்ததே தவிர ஒன்றும் செய்யவில்லை.

"சமத்து! இப்ப பாரு, கொஞ்சம்கூட வலிக்காது..."

அவ்வளவுதான். கம்பவுண்டர் துள்ளிய துள்ளலில் முக்காலி உருண்டது. முக்காலி மேல் இருந்த காபி, மகளுக்காக விரித்திருந்த புது விரிப்பில் கொட்டியது.

"ஒரு வேலைய உருப்படியா செய்யத் தெரியுதா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"நீ வந்து கொஞ்சம் பிடியேன்."

அடுத்தது போர்வை. நாயைக் குழந்தை மாதிரி சுற்றி, தலையும் ஒரு காலும் மட்டும் வெளியே தெரிய, மனைவி கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாய் அமைதியாகத்தான் இருந்தது. டாக்டர் அதன் காதருகில் குனிந்து, தேன் சொட்டும் குரலில், "வலிக்காதுடா செல்லம்," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் போர்வைக்குள் மனைவி மட்டும் இருந்தாள். தலைமுடி முழுக்கக் கலைந்து, கண்ணில் பொறி பறந்தது. நாய் மறுபடி கட்டிலுக்கு அடியில்.

"நான் தம்பிக்குப் போன் போடறேன்."

"இரு, இரு! இது வீட்டு வேலையா நினைச்சதுதான் தப்பு. கிளினிக்ல வெச்சு முறைப்படி செய்யறேன்."

நாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்காரவைத்தார். வெள்ளைக் கோட்டு மாட்டினார். விளக்கைப் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபது வருஷத் தொழில் குரலில் சொன்னார்: "பயப்படாதீங்க. துளிகூட வலிக்காது."

கம்பவுண்டர் கூரையைப் பார்த்து ஒரு ஊளை விட்டது. பதறிப் பின்வாங்கிய டாக்டரின் கால் தரையில் இருந்த மிதிகட்டையில் பட, நாற்காலி உர்ரென்று மேலே ஏறத் தொடங்கியது. நாற்காலி ஏற ஏற ஊளையும் ஏறியது.

வெளி பெஞ்சில், வீங்கிய கன்னத்தோடு முதல் தடவையாக வந்திருந்த லாரி டிரைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"உள்ள யாரும்மா அது?"

"கம்பவுண்டருங்க," என்றாள் மனைவி, எரிச்சலில்.

"கம்பவுண்டருக்கே இந்த கதியா! எனக்கு இப்பத் தேவலாம்மா, நான் வரேன்," என்று வாசலைத் தாண்டி ஓடியே போய்விட்டார்.

மனைவி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "கிளம்பி வாடா," என்பது மட்டும் டாக்டர் காதில் விழுந்தது.

வாசற்படியில் போய் உட்கார்ந்தார். ஒரு நகம்கூட வெட்டவில்லை. கம்பவுண்டர் மெல்ல வந்து பழையபடி அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு உன்னை விட்டா யாருடா? ஒரு தடவை என்னை நம்பக்கூடாதா?"

பின்னால் காலடிச் சத்தம். மாமியார்.

"அந்த நகவெட்டிய இப்படிக் குடுங்க மாப்பிள்ளை."

"வேண்டாம் அத்தை, உங்களையும் தள்ளிவிட்டுடும்."

மாமியார் காதில் வாங்காமல் படியில் உட்கார்ந்தார். நாயின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இங்க பாருடா. நல்லா வலிக்கும். உசுரே போற மாதிரி வலிக்கும். கத்தணும்னா கத்திக்கோ."

கம்பவுண்டர் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு வலது முன்னங்காலைத் தூக்கி மாமியார் மடியில் வைத்தது.

கடக். கடக். கடக். நான்கு காலும் முடிந்தது. இடையில் ஒரு கொட்டாவி விட்டதே தவிர நாய் அசையவில்லை. மனைவி வந்து ஒவ்வொரு நகமாகத் தடவிப் பார்த்தாள். நாயின் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, "வேன் வேண்டாம்டா," என்று போனில் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

டாக்டருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம்.

"அதெப்படி அத்தை? காலையில இருந்து நான் எவ்வளவு அன்பா சொன்னேன், வலிக்காது வலிக்காதுன்னு!"

மாமியார் வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, பாதுகாப்பாக இரண்டு படி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"நீங்க 'வலிக்காது'ன்னு சொன்னதுக்கு அப்புறம் அந்த நாற்காலியில இருந்து என்ன சத்தம் வரும்னு, பக்கத்துலயே படுத்துக் கேட்டு வளர்ந்த நாய் மாப்பிள்ளை அது."