ஈரத் துண்டும் முப்பது புருஷன்களும்

குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது அத்தனை பெரிய குற்றமா? என் மனைவி கார்குழலியைக் கேட்டால், கொலைக்கு அடுத்தது அதுதான். பன்னிரண்டு வருஷமாக ஒரே வழக்கு. புள்ளிவிவரத்தைக் காட்டி அவள் வாயை அடைத்துவிடுவது என்று ஒரு நாள் முடிவு பண்ணினேன்.

உப்பளம் பகுதியில் ஒரு சர்வே கம்பெனியில் வேலை எனக்கு. சாரம் ஏரியாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் என்னையும் சேர்த்து முப்பது புருஷன்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தேன்.

“குழலி, இதப் பாரு. இங்க ஒரு புருஷன் சராசரியா வாரத்துக்கு அஞ்சு நாள் துண்டைக் கட்டில்ல போடறான். நான் நாலு நாள்தான்.”

“முப்பது பேரையுமா நான் கட்டிக்கிட்டேன்?”

“சராசரின்னு ஒண்ணு இருக்கு இல்ல?”

“சராசரி சரிங்க. நீங்கதான் சரியில்ல.”

அதோடு அவள் துண்டுப் பேச்சையே விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன். நடுவில் சாயங்காலங்களில் மசால்வடை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவள் மூடு அப்படி என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு நோட்டை நீட்டினாள். ‘முதல் வாரம், வடை இல்லை: கட்டிலில் நாலு நாள். இரண்டாம் வாரம், கொடியில் போட்டால் மட்டும் வடை: கட்டிலில் ஒரு நாள். மூன்றாம் வாரம், வடை நிறுத்தம்: மறுபடி நாலு. நாலாம் வாரம், மறுபடி வடை: ஒரு நாள்கூட இல்லை.’

“ஒரே ஆளை வெச்சுப் பண்றதெல்லாம் ஆராய்ச்சியா?”

“என் கட்டில்ல துண்டு போடறது ஒரே ஆளுதானே.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று நாள் வேண்டுமென்றே கட்டிலில் போட்டேன். வடை போனால் போகட்டும், ஊர்ப் புருஷன்கள் என் பக்கம். அதை நிரூபிக்க, வாரக் கடைசியில் மறுபடி கணக்கெடுக்கக் கிளம்பினேன்.

எதிர்வீட்டு ராஜவேல் பால்கனியில் துண்டை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன சார், உங்களுக்கும் வடையா?”

“வடை எனக்கு ஆகாது சார். துண்டைக் கொடியில போட்டாத்தான் டிவி ரிமோட் கைக்கு வருது.”

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜெயம் சொன்னாள்: “குழலியக்கா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. ஆளுக்கு ஆள் வேறயாம். அவங்கவங்க புருஷன அவங்கவங்கதான் கவனிச்சுப் பாக்கணுமாம்.”

நாலு மாடியும் ஏறி இறங்கிக் கணக்கை முடித்தேன். முப்பது புருஷன்களும் சேர்ந்து அந்த வாரம் கட்டிலில் துண்டு போட்டது மொத்தம் மூன்று நாள்.

மூன்றும் நான் போட்டது.