சகுப்வாவில் ஒரு சாவு

செத்தவருக்குப் பேர் வைக்க மறந்துவிட்டார்கள். காய்கறி விற்கும் ஃபராய் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து, "யாரு போனது?" என்று கேட்டபோதுதான் வோங்காய்க்கு அது உறைத்தது.

"காரிகாய் பெரியப்பா," என்றாள், வாய்க்கு வந்ததை.

"அந்த மனுசனா? எவ்வளவு தங்கமானவரு," என்று ஃபராய் அம்மா தரையில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள்.

வோங்காய் சகுப்வா குடியிருப்பின் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகப் புதுவித நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். மேடை கிடையாது, திரை கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. சர்ச் கூடத்தைக் கொடுத்திருந்த மூப்பர் முசோனி இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார்: கூட்டம் வராவிட்டால் கூடம் கோழி வளர்ப்புச் சங்கத்துக்கு.

வோங்காய் அசருகிற ஆளில்லை. இந்த ஊர் நாடகத்துக்கு வராது, சரி. சாவுக்கு வராமல் இருக்குமா? பிள்ளைகளைக் கூடத்து வாசலில் உட்காரவைத்து அழச் சொன்னாள். ஆள் சேர்ந்ததும் உண்மையைச் சொல்லி, வந்தவர்களையும் நாடகத்துக்குள் இழுத்துவிடுவதாகத் திட்டம்.

கூட்டம் வந்தது. விறகு வந்தது. சாட்ஸாக் களி கிண்ட சோளமாவும் அண்டாவும் வந்தன. உண்மையைச் சொல்ல அவள் வாய் திறக்கும்போதெல்லாம் யாராவது கட்டிப்பிடித்து அழுதார்கள்.

முகத்தைப் பார்க்கவேண்டும் என்றார் ஒரு தாத்தா. உடல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று சமாளித்தாள். உடனே லாரி ஏற்பாடாயிற்று. லாரியைத் தடுக்க, இறந்தது தலைநகர் ஹராரேயில் என்றாள். அப்படியானால் இன்னும் பெரிய லாரி வேண்டும் என்றார்கள்.

செத்தவரின் மகனாக நடித்த குட்ஸாய் அவள் காதருகே வந்தான். "அக்கா, நாலு பேரு குழி வெட்டக் கெளம்பிட்டாங்க."

அந்த நேரம் பார்த்து முசோனியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். இனிப் பொய் தாங்காது. வோங்காய் பெஞ்சின் மேல் ஏறினாள்.

"யாரும் சாகல. இது நாடகம். தப்பு என்னோடது, பிள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. கூடத்தை எடுத்துக்கிட்டா மரத்தடியில நடத்துவேன். நிறுத்த மட்டும் மாட்டேன்."

ஒப்பாரி நின்றது. அண்டாவில் துடுப்பும் நின்றது. அவமானத்தில் வோங்காய்க்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

ஃபராய் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தெரியும் கண்ணு. வருசக்கணக்கா ஜன்னல் வழியா உங்க ஒத்திகையப் பாத்துட்டுதான் இருக்கோம், உள்ள வரத்தான் கூச்சம். லாரியும் குழியும் எங்க பங்கு நடிப்பு. இன்னிக்கு மூப்பர்கிட்டயும் சொல்லி அவரையே நடிக்க வெச்சுட்டேன். நான் அழுததுதான் கொஞ்சம் கூடிப்போச்சோ?"