என்னிடம் இடது, உன்னிடம் வலது

அன்புத் தம்பி கர்டிஸுக்கு,

டுலூத்திலிருந்து உன் அண்ணன் லோவெல் எங்ஸ்ட்ராம் எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே நானும் உன் அண்ணி ஃபெர்னும் சௌக்கியம். ஃபார்கோவில் நீயும் லோரெய்னும், உன் முழங்கால் நீங்கலாக, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஏரி இன்னும் உருகியபாடில்லை. ஏப்ரல் பிறந்தும் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் பக்கம் ஆற்றில் வெள்ளம் என்று செய்தியில் சொன்னார்கள். உன் வீட்டு நிலவறைக்குள் தண்ணீர் ஏதும் புகுந்ததா என்று விசாரிக்கத்தான் இந்தக் கடிதம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

நிலவறை என்றதும் நினைவுக்கு வந்தது. அப்பாவின் வலது ஸ்பீக்கர் அங்கேதானே நிற்கிறது? ஈரம் அதற்கு ஆகவே ஆகாது. சும்மா சொன்னேன். என்னிடம் இருக்கும் இடது ஸ்பீக்கரைப் பற்றி நீ கவலைப்படாதே. அது செத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அது எப்படி உன்னிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாகப் போனது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் உன் மறதி எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். அப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்த அன்றைக்கு, கதவு உயரத்துக்கு நின்ற அந்த ஜோடியைக் காட்டி நான்தான் முதலில் "நீயே எடுத்துக்கோ" என்றேன். நீ "ஐயோ வேண்டாம், நீ எடுத்துக்கோ" என்றாய். நம் ஊரில் ஒரு மனிதன் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தரம் "சரி, இவ்ளோ சொல்றதுனால" என்று வாங்கிக்கொள்வதுதானே மரியாதை? நானும் இரண்டு தரம் வேண்டாம் என்றேன். நீயும் இரண்டு தரம் வேண்டாம் என்றாய். மூன்றாம் தரம் நீ சொல்வாய் என்று நான் காத்திருக்க, நான் சொல்வேன் என்று நீ காத்திருக்க, சாமான் வண்டிக்காரன் வாசலில் ஹாரன் அடிக்க, கடைசியில் சர்ச் விருந்தில் தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டு கேக்கை யாரும் எடுக்க மனமில்லாமல் பாதியாக வெட்டிவைப்பது போல, ஆளுக்கொன்று என்று பிரித்துக்கொண்டோம். வண்டிக்காரன்கூட "செருப்பையும் இப்படித்தான் பிரிச்சுப்பீங்களா?" என்று கேட்டான். நீ மூன்றாம் தரம் சொல்லவில்லை என்பதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆறு வருடமாக நம்மிடையே கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர ஒரு போக்குவரத்தும் இல்லாததற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்த ஆறு வருடமும் ஒற்றை ஸ்பீக்கரே போதும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா சர்ச்சில் தன் கையால் பதிவு செய்தாரே, அந்தப் பாடகர் குழு ஒலிநாடா, அதைப் போட்டால் மட்டும் சங்கடம். ஆண்கள் எல்லாம் இடது பக்கம், பெண்கள் எல்லாம் வலது பக்கம், அம்மா வலது கோடியில். ஆகவே என் வீட்டில் கட்டைக் குரல்களும் பாதிரியாரின் இருமலும்தான் கேட்கும். அம்மா ஃபார்கோவில் உன் நிலவறையில் பாடிக்கொண்டிருப்பாள். ஃபெர்ன் வயரை மாற்றிப் போடச் சொன்னாள். மாற்றினேன். அம்மா வந்தாள். ஆனால் பதில் பாட ஆளில்லாமல் பாதிப் பாட்டில் நின்று காத்திருப்பதும், பிறகு திடீரென்று எடுப்பதுமாக, கேட்கவே பாவமாக இருந்தது. இரண்டு பக்கத்துக் குரலையும் ஒன்றாகக் கலக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். கூட்டத்தில் எது யார் குரல் என்றே தெரியவில்லை. மறுபடி பழையபடியே வைத்துவிட்டேன்.

போன அக்டோபரில் ஸ்பீக்கர் படபடவென்று பொரிய ஆரம்பித்தது. இந்த ஜாதி ஸ்பீக்கருக்குக் கூம்பும் கிடையாது, காந்தமும் கிடையாது. வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு படலம், இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட தகடு, நடுவில் சில ஆயிரம் வோல்ட் மின்சாரம், அவ்வளவுதான் சமாச்சாரம். அந்தப் படலம் தளர்ந்து தகட்டைத் தொட்டால் உள்ளே நீலப்பொறி பறக்கும். சரி, நம்பிக்கையான ஆளாகப் பார்த்துக் கொடுப்போம் என்று இணையத்தில் இந்த ஸ்பீக்கர்க்காரர்களுக்கென்றே இருக்கும் ஒரு மன்றத்தில் கேட்டேன். ஒரே நாளில் பதில்கள் குவிந்துவிட்டன. இதைச் சரிசெய்ய உலகத்திலேயே ஒரே ஒருவரால்தான் முடியும் என்பதில் எல்லோரும் ஒருமனதாக இருந்தார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். விசாரித்துப் பார்த்ததில் அத்தனை பேரும் காலமாகியிருந்தார்கள். உயிரோடு இருப்பவன் ஒருவன் பெயரை நான் சொன்னதும், அவன் திருடன் என்று அதே ஆட்கள் அடித்துச் சொன்னார்கள். அந்த மன்றத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டுமானால் முதலில் செத்துத் தொலைக்க வேண்டும் போலிருக்கிறது.

அதனால் பக்கத்துத் தெருவில் பனி தள்ளும் இயந்திரங்களைச் சரிபார்க்கும் கார்டியைக் கூப்பிட்டேன். நல்ல மனிதன், சர்ச்சில் எங்களுக்குப் பின்வரிசை. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பின்பக்கம் கை வைத்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் வேலை தெரிந்தவனிடம் போய் வேலை சொல்லிக்கொடுப்பது மரியாதையில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூடிரைவர் சமையலறை வரைக்கும் பறந்தது. கார்டி சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்லைங்க, லேசாத்தான்" என்று நான்கு முறை சொன்னான். இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான், சர்ச்சில் வரிசையையும் மாற்றிக்கொண்டுவிட்டான்.

அதற்கப்புறம்தான் சிகாகோ பக்கத்தில் இருக்கும் திரு. ப்ரெஸ்காட் வேன்டைன் அகப்பட்டார். அவரை மெக்கானிக் என்று சொல்லக்கூடாது, ஒலி மீட்பாளர் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்க்க வேண்டும் என்றார். பெண் கேட்க வந்தவனை விசாரிப்பது போலத் தொலைபேசியில் என்னென்னவோ விசாரித்தார்: நான் என்ன கேட்பேன், எந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன், என் வீட்டு ஜன்னல் எந்தத் திசை, கேட்கும்போது கண்ணை மூடுவேனா. மூடுவேன் என்றேன். அது நல்ல குணம் என்று ஸ்பீக்கரை வாங்கிவைத்துக்கொள்ளச் சம்மதித்தார். குளிர்காலம் முழுக்க அது அவரிடம் இருந்தது. எப்போது கூப்பிட்டாலும் "அது இப்போ ஓய்வில இருக்கு" என்பார். திரும்பி வந்தபோது மரச்சட்டம் கண்ணாடி மாதிரி பளபளத்தது, புதுத்துணி போர்த்தியிருந்தது, பின்பக்கம் முத்திரை வைத்து மூடியிருந்தது. நாடாவைப் போட்டேன். பன்றிக்கொழுப்பு வறுக்கிற சத்தம் வந்தது, நடுநடுவே பாதிரியார் இருமினார்.

நான் அவரைக் கூப்பிட்டு, குறை என்று சொல்லவில்லை, சும்மா ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன். புதுப்படலம் பழக நாள் பிடிக்கும் என்றார். பழகியும் வறுத்தது. உங்கள் காது பழக வேண்டும் என்றார். காதும் பழகிப்போய், கார் எஞ்சின் சத்தத்தில்கூட வறுவல் கேட்க ஆரம்பித்தது. உங்கள் ஊர் மின்சாரம் அழுக்கு என்றார். அதைச் சுத்தம் செய்ய ஒரு கேபிள் அனுப்பினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவு தடிமன். ஃபெர்ன் அதைக் காலால் தள்ளிப் பார்த்து, "இதுல சுடுதண்ணி வருமா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், அந்தக் கேபிளைப் போட்ட முதல் நாள் கொஞ்சம் நன்றாகக் கேட்ட மாதிரிகூட இருந்தது. இந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களின் வியாதி இதுதான். பெரிதாகச் செலவு செய்துவிட்டால் காது விசுவாசமாகிவிடும்.

கடைசியில் ஐயோவாவில் ஒரு பெண்மணி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெயர் பெர்னீஸ் ஸ்டால்பெர்க். மன்றத்தில் அவருக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருந்தார்கள், "வேலையே எடுத்துக்கமாட்டேங்கறாங்க" என்பதற்காக. வேலை செய்யாததற்காகக் கெட்ட பெயர் எடுத்த ஒரே ஆள் என்பதால் எனக்கு நம்பிக்கை வந்தது. நானும் ஃபெர்னும் ஸ்பீக்கரை மெத்தையில் சுற்றி வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அந்தம்மா வேன்டைனின் முத்திரையை நகத்தால் பெயர்த்து, திறந்து பார்த்து, உள்ளே இருந்தது நம் பழைய படலமேதான், துடைக்கக்கூட இல்லை என்று காட்டிவிட்டு, வண்டிக்குள் எட்டிப்பார்த்தார்.

"இன்னொண்ணு எங்கே?"

"தம்பிகிட்ட."

"தம்பி உயிரோட இருக்காரா?"

"இருக்கான். ஃபார்கோவுல."

"அப்போ எதுக்கு இங்க வந்தீங்க? அங்கல்ல போகணும்."

ஒற்றையாகத் தொடமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஒரே சுருளில் வெட்டிய படலத்தை, ஒரே நாளில், ஒரே கையால் இரண்டிலும் இழுத்து ஒட்டினால்தான் இரண்டும் ஒரே குரலில் பேசும், இல்லாவிட்டால் ஒன்று பாடும், ஒன்று கத்தும் என்றார். நான் கெஞ்சவில்லை. சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். அந்தம்மா நல்ல காபி கொடுத்து, கேக் கொடுத்து, ஸ்பீக்கரைத் திருப்பி வண்டியில் ஏற்ற ஒரு கை பிடித்தும் கொடுத்தார். வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் பார்த்த ரிப்பேர்க்காரர்களிலேயே நம்பத்தகுந்தவர் அவர்தான் என்று அந்த மன்றத்தில் எழுதினேன். வேலையே செய்யாதவரை எப்படி நம்பச் சொல்கிறாய் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஃபெர்ன் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஃபோனை எடுத்து 'கர்டிஸ், உன் ஸ்பீக்கர் வேணும்'னு சொல்லுங்க. நாலு வார்த்தை. உங்களால முடியாது, எனக்குத் தெரியும்." முடியாதுதான். கூடப்பிறந்தவனிடம் நாலு வார்த்தையை அப்படி மொட்டையாக எப்படிக் கேட்பது? ஆகவே, கர்டிஸ், நான் உன் ஸ்பீக்கரைக் கேட்கவில்லை. அது உன் நிலவறையில் இடத்தை அடைத்துக்கொண்டு உனக்குத் தொந்தரவாக இருந்தால், எடுத்துவைக்க என் வீட்டுக் கூடத்தில் இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். என் வீட்டில் ஈரம் கிடையாது. பூனை கிடையாது. மூத்தவன் என்ற முறையில் சொல்லவில்லை, கூரையும் உயரம். லாரி கம்பெனியில் சொல்லி அனுப்பினால் போதும், நீ நேரில் அலைய வேண்டாம். வந்தால் வராதே என்று சொல்லமாட்டேன், ஆனால் உன் முழங்கால் இருக்கும் இருப்பில் நான் எப்படி வா என்பேன்?

இவ்வளவு சுற்றி எழுதியும் விஷயம் வெளியே வரமாட்டேன் என்கிறது. அம்மா பாடறதைக் கேட்கணும்டா. தனியா இல்ல. எல்லாரும் பாட, நடுவுல அவ பாடறதைக் கேட்கணும். இந்த வயசுல எனக்கு வேற ஆசை ஒண்ணும் பெரிசா இல்ல.

லோரெய்னுக்கு எங்கள் அன்பு. உன் முழங்காலுக்காக ஃபெர்ன் ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் நிலவறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காமல் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத உன் அண்ணன்,
லோவெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் நீ ஃபோனில் கூப்பிட்டாய். ஃபெர்ன் லோரெய்னிடம் சொன்னாளா, லோரெய்ன் உன்னிடம் சொன்னாளா என்று நான் விசாரிக்கப்போவதில்லை. நீ எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, என்னோடதையும் நீயே வச்சுக்கோ, ரெண்டும் ஒரே இடத்துல இருக்கட்டும்" என்றாய். மேலே இத்தனை பக்கம் எழுதியது இந்த ஒரு வரிக்காகத்தான். ஆனால் என்னைக் கேட்காமலே என் வாய், "சேச்சே, என்னோடதை நீ வச்சுக்கோடா" என்றது. நீ வேண்டாம் என்றாய். நான் மறுபடி சொன்னேன். நீ மறுபடி வேண்டாம் என்றாய். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மரியாதைக்கு மூன்றாம் தரமும் சொல்லித் தொலைத்தேன். நீ, "சரிண்ணே, நீ இவ்ளோ சொல்றதுனால" என்று வாங்கிக்கொண்டாய். ஃபெர்ன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. கிழித்துப் போட்டிருப்பேன், தபால் தலை வீணாகுமே என்று அனுப்புகிறேன். பனி சற்று விட்டதும் என்னுடையதை வண்டியில் போட்டுக்கொண்டு ஃபார்கோவுக்கு வருகிறேன். அங்கிருந்து இரண்டையும் ஏற்றிக்கொண்டு நாம் இருவருமாகவே பெர்னீஸிடம் போகலாம். வழி நீளம், பேச நேரம் இருக்கும். வேலை முடிந்ததும் உன் கூடத்திலேயே நிறுத்து, தயவுசெய்து நிலவறை வேண்டாம். இந்த ஜாதி ஸ்பீக்கருக்கு நேர் நடுவில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம், அதில் உட்கார்ந்தவனுக்குத்தான் எல்லாக் குரலும் அதனதன் இடத்தில் கேட்கும். அதில் நீயே உட்கார்ந்துகொள். நான் ஓரமாக நின்றே கேட்டுக்கொள்கிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.