பிளாஸ்டிக் புல்லுக்குச் சம்மதம்

பாகூர்,
ஊரடங்குச் சனிக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அன்புராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஸ்டெல்லாவின் கணவன் மரியதாஸ் இரு கை கூப்பி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எழுதிக்கொள்வது. வில்லியனூர் மாதாவின் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் இருமல் தும்மல் இல்லாமல் இருக்கிறோம். அங்கே வில்லியனூரில் தாங்களும் சகாயராணி அக்காவும் ரசம் கொதித்தால் வாசனை தெரிகிற நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போன் இப்போது என் கையில் இல்லை. ஸ்டெல்லா பிடுங்கி வைத்துக்கொண்டாள். அந்தக் கதையும் கீழே வருகிறது. கடிதத்தைப் பால் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன், கையைக் கழுவிவிட்டுப் படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிறிஸ்துமஸ் விருந்தில் தாங்கள் கோழிக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னா மாப்ள, காலம் பூரா பூசணிக்காயே போட்டுக்கினு இருக்கப் போறியா? ஏரிக்கர நெலத்துல பிளாஸ்டிக் புல்ல விரிச்சு, சுத்தி வல கட்டி, லைட்டு போட்டு வுட்டா பசங்க பந்தாட வருவானுங்க. தண்ணி வேணாம், உரம் வேணாம், களை வெட்ட வேணாம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கும். அப்போது நானும் ரோஷத்தில், "இந்தப் போகத்துக் காய் வெல போவலன்னா நெலத்த நீங்களே எடுத்துக்குங்க மச்சான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இந்தக் கடிதம். காய் விலை போகவில்லை. நான் தோற்றுவிட்டேன். ஆட்களை அனுப்பிப் புல்லை விரித்துக்கொள்ளவும். எப்படித் தோற்றேன் என்று தெரிந்தால் தங்களுக்கு என் மேல் இரக்கம் பிறந்து, அந்த டர்ஃப் கிரவுண்டில் எனக்கு ஒரு வாட்ச்மேன் வேலையாவது போட்டுத் தருவீர்கள் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

இந்த வருஷம் காய்ப்பு என்றால் அப்படி ஒரு காய்ப்பு மச்சான். சாம்பல் பூசணி ஒவ்வொன்றும் ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளை மாதிரி வெள்ளை பூத்துக் கொழுகொழுவென்று கிடந்தது. வழக்கமாக என்ன செய்வோம்? கல்யாண முகூர்த்தம் வந்தால் பந்திக்குப் பந்தி கூட்டு வைப்பார்கள், அமாவாசை வந்தால் வில்லியனூர்க் கடைத்தெருவில் கடைக்கு ஒன்று சுற்றி வாசலில் போட்டு உடைப்பார்கள். மொத்தக் கடை சண்முகசுந்தரம் முதலாளி வண்டி அனுப்பி அள்ளிக்கொண்டு போவார். இந்த முறை அவருக்குப் போன் போட்டால், "கடத்தெருவே மூடிக் கெடக்குது மரியதாசு. பூட்டுக்கா திருஷ்டி கழிக்கச் சொல்ற? கல்யாணத்துக்குக் கூட இவ்ளோ பேர்தான்னுட்டாங்க. அவங்களுக்குப் பூசணிக் கூட்டு எதுக்கு, ஊறுகாயே போதும்" என்று வைத்துவிட்டார். நிலத்தில் காய் முற்றிக் கிடக்கிறது, நிலத்தைத் தூக்கிக்கொண்டு போகத் தாங்கள் அங்கே பிளாஸ்டிக் புல்லுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்போதுதான் ஸ்டெல்லா, "ஊரே வூட்டுக்குள்ள குந்திக்கினு போன நோண்டுது. நாமளும் அதுலயே வித்தா இன்னா?" என்று கேட்டு, 'பாகூர் பச்சைக் காய்' என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தாள். முதல் நாளே ஊரில் பாதிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். நானும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, காயின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துப் போட்டேன். கை எடுத்துக் கும்பிடும் படம் வந்ததே தவிர ஆர்டர் வரவில்லை. பிறகு ரோசம்மாள் டீச்சர் கால் காய் வேண்டும் என்று கேட்டார். கால் காய்! ஒரு காயே தூக்க முடியாமல் தூக்கி வருகிறேன், அதில் காலை மட்டும் எப்படிக் கொடுப்பது? அறுத்தால் மிச்சம் முக்காலை உடனே தள்ளியாக வேண்டும். அன்றிலிருந்து நான் விவசாயி இல்லை மச்சான், கல்யாணத் தரகன். ஒரு கால் காய்க்கு ஆள் கிடைத்தால் முக்கால் காய்க்கு வரன் தேடித் தெருத் தெருவாகச் சைக்கிள் மிதித்தேன். "எங்க வூட்டுக்கு விதை இல்லாத பக்கம் வேணும்" என்கிறாள் ஒருத்தி. "காம்புப் பக்கம் வேணாம்" என்கிறார் ஒருவர். காம்பில்லாமல் காய் வானத்திலிருந்தா விழும்? அதையும் மீறி வியாபாரம் கொஞ்சம் சூடு பிடித்தபோது, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் மணிவண்ணன் எங்கிருந்தோ வந்த ஒரு செய்தியை எடுத்து எங்கள் குரூப்பிலேயே போட்டார்: பூசணி குளிர்ச்சி, குளிர்ச்சி என்றால் சளி, சளி என்றால் ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் குச்சி விடுவார்கள். அவ்வளவுதான். கபசுரக் குடிநீரை மூன்று வேளையும் குடித்துக்கொண்டிருந்த ஊர் பூசணியைப் பார்த்துத் தெருவைத் தாண்டி நடக்க ஆரம்பித்தது. நான் குரூப்பில் மணிவண்ணனுக்குப் பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுத முடியாது, அக்காவும் படிப்பார்கள். அன்றைக்குத்தான் ஸ்டெல்லா போனைப் பிடுங்கினாள்.

சாப்பிடத்தானே பயப்படுகிறார்கள், தொங்கவிடப் பயப்பட மாட்டார்களே என்று எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. கடைக்காரன் உடைக்காவிட்டால் போகட்டும், கொரோனா கண்ணு படாமல் இருக்க வீட்டுக்கு வீடு வாசலில் கட்டட்டும் என்று கரியும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாம் வேதக்காரர்கள், திருஷ்டிப் பூசணி விற்கலாமா என்று ஒரு உறுத்தல் இருந்தது. ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "நீ காயத்தான விக்கிற. அத துன்றாங்களா, தொங்க வுடுறாங்களான்னு அவங்கவங்க சாமி பாத்துக்கும்" என்றாள். பெரிய கண், மேல்நோக்கி முறுக்கிய மீசை, தொங்கும் நாக்கு என்று பயங்கரமாகத்தான் வரைந்தேன். எனக்குப் படம் வராது என்பது தங்களுக்குத் தெரியும். எத்தனை வரைந்தாலும் ஒரே முகம்தான் வந்தது. நல்ல விற்பனை. மூன்று தெருவில் தொங்கிய பிறகுதான் அது யாருடைய முகம் என்று ஊருக்குப் புரிந்தது.

மணிவண்ணன் மூச்சிரைக்க வந்தார். "யோவ் மரியதாசு, என் மூஞ்ச இன்னாத்துக்குய்யா வூட்டுக்கு வூடு கட்டித் தொங்க வுட்டுக்கிற?" என்றார். "உங்க மூஞ்சின்னு யார் சொன்னா?" என்றேன். "பார்யா, நீயே பார்யா" என்று முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்த காயின் பக்கத்தில் போய் நின்றார். அச்சு அசலாக அதேதான், நாக்கு மட்டும்தான் பாக்கி. கோபத்தில் அதையும் நீட்டிக் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் ஜீப்பில் வந்து, முகக்கவசம் இல்லாமல் தெருவில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற குற்றத்துக்கு அவருக்கு அபராதம் போட்டுவிட்டார்கள். அவர் கட்டிவிட்டு, "அந்தக் காயும்தான் மாஸ்க் போடல, அதுக்கு யார் கட்டுவா?" என்று கத்திவிட்டுப் போனார். ஸ்டெல்லா சும்மா இருப்பாளா? அன்று மாலையே பழைய பாவாடைத் துணியைக் கிழித்து எல்லாக் காய்க்கும் முகக்கவசம் கட்டிவிட்டாள். மீசை மறைந்தது, மணிவண்ணன் மறைந்தார், வியாபாரம் மறுபடி எழுந்தது. மாஸ்க் போட்ட பூசணி என்று பனித்திட்டு மீனவர் குப்பம் வரைக்கும் பேச்சு போய், மீன்பிடித் தடை முடிந்து கடலுக்குப் போகிற படகுகளுக்குச் சுற்றிப் போட மொத்தமாகக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். மிச்சம் இருந்த அத்தனை காயும் அந்த ஒரே ஆர்டரில் போய்விடும். நிலம் பிழைத்தது என்று நினைத்து அன்று நான் ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு முறை சோறு வாங்கினேன்.

வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டி பிடித்துக் காயை அடுக்கிக்கொண்டு போனேன். நேர் ரோட்டில் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள், உள்ளே யாருக்கோ காய்ச்சல். சுற்றிப் போகலாம் என்றால், நம் பக்கத்தில் சுற்றிப் போவது என்பது தமிழ்நாட்டுக்குள் ஒரு காலை வைத்து எடுப்பதுதானே. அந்த எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. அன்றைக்குப் புதுச்சேரிப் பக்கம் பிராந்திக் கடை திறந்து, அந்தப் பக்கம் திறக்காத நேரம். கீரைக்கட்டில் பாட்டில், தலையணையில் பாட்டில், பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் பாட்டில் என்று பிடித்துப் பிடித்து அந்தப் போலீஸ்காரர் யாரையும் நம்பாத நிலைக்கு வந்திருந்தார். தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளே வண்டி நிறைய முகக்கவசம் கட்டிய தலைகள் அவரையே பார்த்தன. மனிதர் ஒரு அடி பின்னால் குதித்தார்.

"இன்னாய்யா இது?"

"பூசணிக்காய் சார்."

"பூசணிக்காய்க்கு எதுக்குய்யா மாஸ்க்கு?"

"கொரோனா சார்."

இந்தப் பதிலை நான் சொல்லியிருக்கக்கூடாது. அவர் காயைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார். முற்றிய காயில் விதை லேசாக ஆடும் அல்லவா? "உள்ள இன்னாமோ தளும்புது, ஒட" என்றார். ரோட்டில் உடைத்தால் வண்டி வழுக்கும் என்று தார்ப்பாயை நன்றாக விரித்து அதன் மேல் ஒன்றை உடைத்தேன். விதைதான். "ஒண்ணுல இல்லன்னா இன்னொண்ணுல இருக்கும்" என்றார். மச்சான், அத்தனையும் உடைத்தேன். நான் பெற்ற காயை என் கையாலேயே. பின்னால் நின்ற பைக்குக்காரர்கள் ஏதோ பெரிய திருஷ்டி கழிப்பு நடக்கிறது என்று நினைத்து வண்டியை விட்டு இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா பையிலிருந்து சூடம் எடுத்து ஏற்றி எனக்கும் போலீஸ்காரருக்கும் சேர்த்துக் காட்டினார். போலீஸ்காரரும் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசிக் காயும் காலியானதும், "சரி, நீ நல்லவன்தான், போ" என்று சர்டிபிகேட் கொடுத்தார். நல்லவனாக வீட்டுக்குத் திரும்பினேன்.

உடைந்ததை எல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து ஸ்டெல்லா முன்னால் இறக்கினேன். என்னைத் திட்டவில்லை மச்சான். சாக்குகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மேலே போய் அழப் போகிறாள் என்று நினைத்து நான் பின்னால் போகவில்லை. கீழேயே உட்கார்ந்து நான்தான் அழுதேன். உங்கள் அப்பா அவளுக்கென்று பிரித்துக் கொடுத்த நிலத்தை என் கெட்டிக்காரத்தனத்தால் பிளாஸ்டிக்குக்குக் கொடுக்கிறேனே என்று நெஞ்சு வலிக்கிறது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். திங்கட்கிழமையே ஆட்கள் வரலாம். ஓரத்து முருங்கை மரத்தை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லவும், பந்து பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளைக் கண்டு, தடுப்பூசி இரண்டையும் காய்ச்சல் வராமல் போட்டு, நூறு வயது வரை முகக்கவசம் இல்லாமல் சிரித்து வாழ மாதாவை வேண்டும்,

தங்கள் தோற்றுப்போன மாப்பிள்ளை,
மரியதாஸ்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் ஸ்டெல்லா வாங்கிப் படித்துவிட்டாள். ஆட்களை அனுப்ப வேண்டாம். மேலே எழுதிய எதையும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாடி முழுக்க வேட்டி விரித்து, வேட்டி முழுக்கப் பூசணி வடகம் காய்கிறது. நான் வரன் தேடித் தோற்ற முக்கால் காய் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சீவி, பிழிந்து, உளுந்து மாவில் பிசைந்து வடகம் போட்டிருக்கிறாள். நான் சுமந்து வந்த சாக்குகளும் வடகமாகிக்கொண்டிருக்கின்றன. "காய்க்குத்தான் குளிர்ச்சி. எண்ணெயில பொரிச்சா இன்னா குளிர்ச்சி? கால் கிலோ கேட்டாலும் குடுக்கலாம், கெட்டுப் போவாது, மாஸ்க்கும் வேணாம்" என்கிறாள். "இத்தன நாளா என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீ அதுலயும் மூஞ்சி வரஞ்சிருப்ப" என்றாள். வாரா வாரம் இதே பால் வண்டியில் வில்லியனூருக்கு மூட்டை வருகிறதாம். அங்கே தெருத் தெருவாக விற்பது யார் என்கிறீர்கள்? சகாயராணி அக்காதான். தங்களுக்குச் சொல்லவில்லையாம். சொன்னால் தாங்கள் டர்ஃபை விட்டுவிட்டு வடகக் கம்பெனி ஆரம்பிப்பீர்களாம். போன ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்புக்கு வடகம் மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றீர்களாமே, அது ஏரிக்கரை நிலத்துக் காய்தான் மச்சான். அந்த நிலத்தில் இன்று காலை மறுபடி விதை ஊன்றிவிட்டாள். திங்கட்கிழமை தாங்கள் மட்டும் வரவும், வரும்போது ஒரு மூட்டை உளுந்து கொண்டுவரச் சொன்னாள். எனக்கு மாடியில் காக்காய் ஓட்டும் வேலை கொடுத்திருக்கிறாள். தங்களுக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டாயிற்று.