மலை வெடிக்கவில்லை, அண்ணா

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், அப்பா, உங்கள் மாப்பிள்ளை மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அதைவிடக் கொஞ்சம் மேலான நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, பல் விளக்குவதற்கும் முன்னால், டிவி ரிமோட்டின் முதுகைத் திறந்து இரண்டு பேட்டரியையும் உருவியதுதான். ஒன்றை, நாலு மாதமாக ஐந்தேகாலில் நின்றுகொண்டிருந்த சமையலறைக் கடிகாரத்தில் போட்டேன். இன்னொன்றைப் பீரோவில் போர்வைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். இப்போது கடிகாரம் ஓடுகிறது. பறக்கிற மனிதர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். லேப்பில் இன்று எனக்கு வார விடுமுறை. நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தன் விடுமுறை நாளை இப்படித் தொடங்குகிறாள் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். காரணம் நீங்கள்.

ஏன் போனில் சொல்லாமல் கடிதம் என்று கேட்பீர்கள். வீடியோவில் நான் வாயைத் திறந்தவுடனே உங்கள் முகம் உறைந்துவிடுகிறது. நான் பேசி முடித்த கையோடு உயிர் வந்து, "பாப்பா, என்ன சொன்ன? சரி விடு, அடுத்தது அப்பா" என்கிறீர்கள். காகிதம் உறையாது.

"அப்பாகிட்ட நிறையப் பேச்சுக் குடுங்க" என்று அப்பாவின் மறதிக்கு டாக்டர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதை நீங்கள் ஒரு நிறுவனமாகவே ஆக்கிவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை உங்களிடமிருந்து படத்தின் பெயர் வரும். சனிக்கிழமைக்குள் பார்த்து முடிக்க வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் வீடியோவில் உட்கார்ந்து பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும். போன வாரம் என்னிடம், "நீ மார்க் மட்டும் சொல்லித் தப்பிச்சுக்கற, கடைசி மூணு படத்துக்கும் அபிப்பிராயத்த விவரமா எழுதி அனுப்பு, அப்படியே அந்த இன்னொரு விஷயத்துக்கும் ஒரு வரி பதில் போட்டுடு" என்றீர்கள். முதலில் படங்களை முடித்துவிடுகிறேன்.

முதலாவது, சிரிப்புப் படம். எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு மறதி, அவ்வளவுதான் கதை. செருப்பை ஃப்ரிட்ஜில் வைக்கிறார். பக்கத்து வீட்டைத் தன் வீடென்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு போதவில்லை என்று அந்த வீட்டு அம்மாளைத் திட்டுகிறார். மகன் தலையில் அடித்துக்கொள்கிறான், பின்னணியில் யாரோ பீப்பி ஊதுகிறார்கள். உங்கள் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து நழுவித் தரைக்கே வந்துவிட்டார். அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் இருமல் வந்ததுபோல் காட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். மறுநாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது அப்பா கையில் மூக்குக் கண்ணாடியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஈரம் பூத்திருந்தது.

"அம்மாடி, இது ஃப்ரிட்ஜுல பால் பக்கத்துல இருந்துச்சு. நேத்து நாம சிரிச்ச இடம்தான. இப்ப சிரிக்கலாமா, வேணாமா?"

"சிரிங்கப்பா" என்றேன்.

முயற்சி செய்து பார்த்தார். "பீப்பி இல்லாம வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். அந்தப் படத்துக்கு நான் மூன்று மார்க் போட்டேன். "உனக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது பாப்பா, சின்ன வயசுலேந்தே" என்றீர்கள். இருக்கலாம்.

இரண்டாவது, பறக்கிற ஆள் படம். ஆஸ்பத்திரியில் யாரோ பெயர் ஒட்டாத ரத்தப் பையை மாற்றி ஏற்றிவிட, அவனுக்குச் சக்தி வந்துவிடுகிறது. அண்ணா, இருபத்திரண்டு வருஷமாக நான் இந்த வேலை செய்கிறேன். பெயர் ஒட்டாத பையை ஏற்றினால் குளிர் நடுக்கம் வரும், சிறுநீர் கறுக்கும், கடைசியில் விசாரணைக் கமிட்டி வரும். பறக்க வராது. "பையில பேரே இல்ல, ஏத்தாதீங்க" என்று அந்தப் படத்தில் சொல்கிற ஒரே ஆள், லேப்பில் வேலை செய்யும் ஒரு பெண். எட்டாவது நிமிஷத்தில் அவள் மேல் கட்டடம் இடிந்து விழுகிறது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஓடியும் அவளை யாரும் தேடவில்லை. அவள் வேலை செய்த மேஜையை மைக்ராஸ்கோப்போடு தூக்கி ஹீரோ எதிரி மேல் எறிகிறான். எங்கள் லேப்பில் அப்படி ஒன்று வாங்க நான் மூன்று வருஷம் மனு எழுதினேன், அது தெரியுமா அவனுக்கு? ஒரு பஸ்ஸைக் காப்பாற்ற ஒரு மேம்பாலத்தை உடைக்கிறான், ஊரே கைதட்டுகிறது, அவன் பறந்து போய்விடுகிறான். இடிந்ததை அள்ளுகிறவர்கள் துடைப்பத்தோடு வருவதற்குள் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வந்து, மூன்று வாரம் இருந்து, ஃபேன் சுவிட்சை இடம் மாத்து, கட்டில இந்தப் பக்கம் போடு என்று சொல்லிவிட்டு, ஏர்போர்ட்டில் எல்லோரையும் அழ வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். இரண்டு மார்க்.

மூன்றாவது, மாயாஜாலப் படம். உண்மையைச் சொன்னால் எனக்கு இது பிடித்திருந்தது. ஒரு ராஜ்யத்தில் ஒரு மலை இருக்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் சும்மா இருக்கும், பேச்சு நின்றால் கொதிக்கும். ஒரு பெண் உட்கார்ந்து பேசுகிறாள், காலையில் என்ன சமைத்தாள் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். வாள், குதிரை, மந்திரவாதி எல்லாம் வந்து போகின்றன. கடைசியில் மலை ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறது. கவனியுங்கள் அண்ணா, தூங்கிவிடுகிறது. வெடிப்பது டிரெய்லரில் மட்டும்தான் வருகிறது. படத்தில் அந்தக் காட்சியே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் பேசியது நீங்கள். "என்ன சொல்லுங்க, கடைசில அந்த மலை வெடிக்குது பாருங்க, அந்த ஒரு சீனுக்கே ஒம்பது மார்க் குடுக்கலாம்!" நான் வாயைத் திறக்கப் போனேன். மேஜைக்கு அடியில் அப்பா என் காலை மிதித்தார். மிதித்துக்கொண்டே உங்களைப் பார்த்துச் சிரித்து, "ஆமாப்பா, மலை வெடிச்சப்ப நான்கூட பயந்துட்டேன். எனக்கும் ஒம்பது" என்றார். போன் வைத்ததும் மெதுவாகக் கேட்டேன்: "அப்பா, மலை எங்கப்பா வெடிச்சுது?"

"வெடிக்கல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவன் படம் பாக்கல. ஆபீஸ்ல ஆயிரம் வேல இருக்கும். எல்லார் எதிர்லயும் மானம் போகணுமா அவனுக்கு? நீ போய் டீ போடு."

உங்கள் மானத்துக்காக அப்பா சொன்ன அந்தப் பொய்க்கு அடுத்த ஞாயிறு என்ன மரியாதை கிடைத்தது என்பதை நீங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அண்ணி பாவம், நிஜமாகவே படத்தை முழுக்கப் பார்க்கிற ஆள். அவர் உங்களிடம் மலை வெடிக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். உடனே நீங்கள் பத்து மணிக்கு முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, அப்பா முன்னாலேயே, "அப்பாவுக்கு நடக்காத சீனெல்லாம் ஞாபகத்துக்கு வருது. இனிமே பகல்ல தனியா விடறது ஆபத்து. நான் முடிவு பண்ணிட்டேன். பாப்பா வேலைய விட்டுடட்டும்" என்றீர்கள்.

"அண்ணா, மலை வெடிச்சுதுன்னு முதல்ல சொன்னதே நீங்கதானே..." என்று ஆரம்பித்தேன். உறைந்துவிட்டீர்கள். பாதிக் கண் மூடி, வாய் கோணி, ஒரு நிமிஷம் அப்படியே. உயிர் வந்ததும், "அப்ப சரி, அது முடிஞ்சுது. அடுத்த படம் என்னன்னா" என்றீர்கள். படத்துக்குக்கூட நீங்கள் எல்லோரிடமும் மார்க் கேட்கிறீர்கள். என் வேலைக்கு யாரிடமும் கேட்கவில்லை.

இதை நான் அன்று சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்: எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்த வங்கிக்குப் பொறுப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். லேப் டாக்டரம்மா கூப்பிட்டு, சம்மதப் படிவத்தை மேஜையில் வைத்து, "இத்தன வருஷமா மத்தவங்க வேலையையும் சேத்து நீதான் பாக்கற. இனிமே பேரோட பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார். மூன்று வாரம் வெளியூரில் பயிற்சி. குளிர்ப்பெட்டிகள் உறுமுகிற அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜையில் பூட்டுள்ள ஓர் இழுப்பறை. வீட்டிலும் வெளியிலும் எனக்கென்று பூட்டுள்ள இழுப்பறை இதுவரை இருந்ததில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் தோன்றியது. உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "உங்க அண்ணன் வேற சொல்லிட்டாரே, எதுக்கு வம்பு?" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். திரையில் ஒருவன் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

சரி. எனக்கு வாதாடத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ரிசல்ட் எழுதித்தான் பழக்கம். நீங்கள் கேட்ட ஒரு வரி பதில் இது: விட்டுவிடுகிறேன். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவேன். நீங்கள் அடுத்த மாதம் வருவதற்கு முன் அறையில் கட்டிலை நீங்கள் சொன்ன பக்கமே போட்டுவைக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. அவர் இனிமேலும் படங்களை முழுக்கப் பார்க்கட்டும், உங்களிடம் மட்டும் கதையைச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாற்பத்தாறு வயதுப் பாப்பா

பி.கு.: கவர் தேடிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணனுக்கா?"

"ஆமாப்பா. படத்தப் பத்தி."

"மலை விஷயத்த எழுதிட்டியா?" நான் கவர் தேடுவதில் மும்முரமானேன். "எழுதிட்ட. மூஞ்சியே சொல்லுது. சரி, எழுதினது இருக்கட்டும். அவன் வந்ததும் அந்தப் படத்த இன்னொரு தரம் போடு. நானும் அவனும் மட்டும் உக்காந்து முழுசா பாக்கறோம்."

"நான் வேணாமா?"

"நீ இருந்தா அவன் இருக்கமாட்டான், அம்மாடி. போன தடவ வந்தப்ப மூணு வாரத்துல என்கூட மொத்தமா அரை மணி நேரம் பேசியிருப்பான். 'பாப்பா பாத்துக்குவா, பாப்பா பாத்துக்குவா'ன்னு சிநேகிதங்க வீட்டுக்குப் போயிடறான். நீயும் ஓடி ஓடி பாத்துக்கற."

சொல்லிவிட்டு எழுந்து போய், ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணா, மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை அடித்துவிட்டுப் படியுங்கள். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவின் மேஜையில் வைப்பேன். பயிற்சி தொடங்குவது நீங்கள் வந்து இறங்கும் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை, முடிவது நீங்கள் திரும்பிப் போகும் வாரம். அப்பாவுக்குக் காலையில் இரண்டு மாத்திரை, மத்தியானம் ஒன்று, ராத்திரி மூன்று. கண்ணாடியைக் காணவில்லை என்றால் முதலில் ஃப்ரிட்ஜில் பாருங்கள். உங்கள் மாப்பிள்ளை வீட்டில்தான் இருப்பார். அவருக்குச் சமைக்கத் தெரியாது, சாப்பிடத் தெரியும்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். அதுவரை அப்பாவுக்குத் தெரியாது, உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியாது, வீட்டில் யாருக்குமே தெரியாது. நீங்கள் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸிலேயே நான் கிளம்புகிறேன்.